உயர்த்தப்படுவது யார்?
மாதா திருவிழாப் பதாகைகள் குறித்து ஒரு திறனாய்வு

ஆண்டுதோறும் ஆகஸ்டு 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது. செப்டம்பர் 8ஆம் நாள், மரியாளின் பிறப்பு விழாவோடு, அக்கொடி இறங்குகிறது. இதே நாள்களில் வேளாங்கண்ணி மாதாவின் பெயர் தாங்கிய கோயில்களிலும் கெபிகளிலும் அவ்விழா சிறிய அளவில் கொண்டாடப்படுகிறது. அதை அறிவிக்கும் பதாகைகள் தமிழகத்துச் சாலையோரங்களில் எழுகின்றன.

இவற்றைப் பற்றி எழுதச் சீர்திருத்தத் திருச்சபையின் இறையியல் இதழுக்கு என்ன இருக்கிறது என்று வாசகர் வினவலாம். 'அது அவர்கள் காரியம்' என்று ஒதுங்கிக்கொள்வது ஒரு வழி. 'விக்கிரக ஆராதனை' என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிடுவது இன்னொரு வழி. நம் அருட்பணியாளர் பலருக்கும் இவ்விரண்டே பழக்கமான வழிகள். இரண்டிலும் பதாகையை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. முன்னவர் பாராமலே விலகுகிறார். பின்னவர் பாராமலே தீர்ப்பிடுகிறார். நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினாக்கள் மூன்று. இப்பதாகை யாரை உயர்த்துகிறது? யாரைக் கூட்டிச் சேர்க்கிறது? எப்பொழுது இறங்குகிறது? இவை கத்தோலிக்கரை மட்டும் சோதிக்கும் வினாக்கள் அல்ல என்பது போகப்போக விளங்கும்.

1. பார்ப்பவர் யார்?

பதாகையைத் திறனாய்வு செய்வோர் அதைப் பார்ப்பவர் யார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வேளாங்கண்ணியிலோ தூத்துக்குடியிலோ மாதாவின் படத்தைப் பார்ப்பவர்க்கு அது யாருடைய படம் என்று சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் தருமபுரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் உள்ள ஒகேனக்கல்லை எண்ணிப் பாருங்கள். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஏறத்தாழ 46 கிலோமீட்டர். காவிரியின் எதிர்க்கரை கருநாடகம். ஊரின் பெயரே கன்னடச் சொல். 'புகையும் பாறை' என்பது அதன் பொருள். பரிசல் ஏறவும், எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்கவும், மீன் சோறு உண்ணவும், ஆடிப்பெருக்கன்று நீராடவும் எல்லாச் சமயத்தாரும் எந்தச் சமயமும் இல்லாதாரும் அங்கு வருகின்றனர். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டு 1997இல் தனிக் கத்தோலிக்க மறைமாவட்டமாயிற்று. எனினும் இம்மாவட்டத்தில் எல்லாப் பிரிவுக் கிறிஸ்தவரும் சேர்ந்தாலும் மிகச் சிறுபான்மையினரே.

இத்தகைய இடத்திற்குச் செல்லும் சாலையில் எழும் பதாகையைப் பேருந்தின் சன்னல் வழியே பார்ப்பவர்க்குக் கிறிஸ்தவ மரபு எதுவும் தெரியாது. அவர் கண்ணில் அது படுவது சில நொடிகளே. அவர் அதில் யாரைக் காண்கிறார்? கோயிலுக்குள் இருக்கும் சுரூபத்தை நம்பிக்கை என்னும் பின்னணியில் வைத்து நோக்கலாம். சாலையோரப் பதாகைக்கு அந்தப் பின்னணி கிடையாது. தான் காட்டுவதை மட்டுமே அது சொல்கிறது. ஆகவே இக்கட்டுரை முழுவதிலும் அந்த ஒகேனக்கல் பயணியின் கண்ணையே நாம் அளவுகோலாகக் கொள்கிறோம்.

2. கொடியும் பதாகையும்

திருவிழாக் கொடியும் விளம்பரப் பதாகையும் ஒன்றல்ல. கொடி துணியால் ஆனது. மந்திரிக்கப்படுகிறது, பவனியாகத் தெருக்களில் எடுத்துச் செல்லப்படுகிறது, பலருடைய கைகள் பட்டு, செபங்களின் நடுவே மரத்தில் ஏறுகிறது. அதில் ஒரே ஓர் உருவம், எழுத்து குறைவு. விழா முடிந்ததும் அதே முறைமையோடு இறக்கப்படுகிறது. கொடியேற்றத்திற்கு ஒரு வழிபாடு இருப்பது போலவே கொடியிறக்கத்திற்கும் ஒரு வழிபாடு இருக்கிறது. இம்முறை நம் நாட்டுக் கோயில் திருவிழாக்களின் கொடியேற்றத்தோடு ஒத்திருப்பது உண்மையே. அதனாலேயே அது குற்றமாகிவிடாது. 'விழா தொடங்கிற்று, வாருங்கள்' என்று ஊரார்க்குச் சொல்ல ஊரார் அறிந்த மொழியைத் திருச்சபை எடுத்துக்கொண்டது. நம் அறுப்பின் பண்டிகையும் அசனமும் வேறு எதைச் செய்கின்றன?

பிளெக்ஸ் பதாகையின் கதை வேறு. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அது பரவியபொழுது, சீலையிலும் தகரத்திலும் கையால் எழுதி வந்த ஓவியர் பலர் தொழில் இழந்தனர். அவர்களோடு ஒரு கட்டுப்பாடும் போயிற்று. கையால் வரைபவர்க்கு ஒவ்வொரு முகமும் ஒரு நாள் உழைப்பு. ஆகவே முகங்கள் குறைவாக இருந்தன. கணினியில் முகத்தைச் சேர்க்க உழைப்பு ஏதும் இல்லை. ஆகவே முகங்கள் பெருகின. பதாகை மந்திரிக்கப்படுவதில்லை, பவனி வருவதில்லை. அதை இறக்குவதற்கு வழிபாடு எதுவும் இல்லை. விழா முடிந்து வாரங்கள் கழிந்தும் மழையில் கிழிந்து தொங்குகிறது. நெகிழிக் கொடிகளைத் தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடை செய்தது. பிளெக்ஸும் மட்கும் பொருளன்று. காவிரிக் கரையில் விழாக் கொண்டாடும் எவரும் இதை எண்ணாமல் இருக்க முடியாது.

2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில் இருசக்கர வண்டியில் சென்ற இளம்பெண் ஒருவர்மேல் ஒரு திருமணப் பதாகை சரிந்து விழுந்தது. நிலைதடுமாறிய அவர்மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது, அவர் இறந்தார். அது அரசியல்வாதி ஒருவர் வீட்டுப் பதாகை. திருச்சபையின் பதாகை அன்று. ஆனால் சாலையில் பதாகை நிறுத்தும் எவரும், அது யாருடைய பெயரால் நிற்பதாயினும், அயலான் உயிருக்குப் பொறுப்பாளி என்பதை அச்சாவு நமக்குக் கற்பித்திருக்க வேண்டும்.

3. பதாகையை வாசித்தல்

இனிப் பதாகையின் அமைப்பைக் காண்போம். ஊருக்கு ஊர் சிறு வேறுபாடுகள் உண்டெனினும் பொது அமைப்பு ஒன்றே. நடுவிலோ ஒரு பக்கத்திலோ சேலை உடுத்து முடி தரித்த மாதா, கையில் குழந்தை, பின்னே ஒளிக்கதிர்கள், முகில்கள், மலர்கள். மேலே விழாவின் பெயர். ஒரு பக்கம் நாள்வாரியாகத் திருப்பலி, மறையுரை, தேர்ப்பவனி விவரம். ஓரத்திலோ அடியிலோ ஆயர், பங்குத்தந்தை, பேரவையினர், உபயதாரர் ஆகியோரின் பெயர்களும் படங்களும்.

இதில் நாம் மனமுவந்து பாராட்ட வேண்டியது ஒன்று உண்டு. சேலையுடுத்த அந்தத் தாய் தமிழகத்துத் தெருவிற்கு அந்நியர் அல்லர். கிறிஸ்தவம் மேலைநாட்டுச் சமயம் என்று எண்ணும் பயணிக்கு, இம்மண்ணின் தாய் ஒருத்தி குழந்தையை ஏந்தி நிற்கும் காட்சி ஒரு மறுமொழி. நம் சபைகளின் அறிவிப்புகள் இந்த அளவுக்குக்கூட இம்மண்ணின் முகத்தைக் காட்டுவதில்லை. மேலும் இவ்வுருவத்தின் இறையியல் நடுவம் குழந்தையே. 431இல் எபேசுவில் கூடிய சங்கம் மரியாளைக் 'கடவுளைப் பெற்றவள்' என்று அழைத்தது, அவள் வயிற்றில் பிறந்தவர் யார் என்பதைக் காக்கும் பொருட்டே. தாயைப் பற்றிய அந்தப் பட்டம் உண்மையில் மகனைப் பற்றிய அறிக்கை. நல்ல ஓவியர் கையில் தாயின் கண்ணும் கையும் பார்ப்பவரைக் குழந்தையிடம் கொண்டுசெல்லும்.

சிக்கல் பதாகையின் ஓரத்தில் தொடங்குகிறது. கொடையாளரைத் திருவோவியத்தில் சேர்ப்பது புதிய வழக்கமன்று. இடைக்கால ஐரோப்பியப் பலிபீட ஓவியங்களில் கொடையாளர் மூலையில், பெரும்பாலும் சிறிய உருவில், முழங்கால்படியிட்டிருப்பார். 15ஆம் நூற்றாண்டில் யான் வான் ஐக் வரைந்த ஓவியம் ஒன்றில் ரோலின் என்னும் செல்வாக்குள்ள அமைச்சர் மாதாவுக்கு இணையான அளவிலேயே காணப்படுகிறார். அதைத் துணிச்சல் என்றே சொல்லலாம். ஆயினும் அவரும் முழங்காலிலேயே இருக்கிறார். அவர் முகம் தாயையும் குழந்தையையும் நோக்கியே இருக்கிறது. நம் பதாகையில் உள்ளவர்களோ நிற்கின்றனர், சாலையை நோக்குகின்றனர். சிலர் கைகுவித்திருக்கின்றனர், ஆனால் குவித்த கை மாதாவை நோக்கியதன்று, நம்மை நோக்கியது. இது வழிபடுவோரின் கைகுவிப்பு அன்று. வாக்குக் கேட்போரின் கைகுவிப்பு. கட்சிப் பதாகையின் இலக்கணம் அப்படியே திருவிழாப் பதாகைக்கு வந்துவிட்டது. தலைவர் இருக்கும் இடத்தில் மாதா. வட்டச் செயலாளர் இருக்கும் இடத்தில் உபயதாரர்.

ஒகேனக்கல் பயணி என்ன காண்கிறார்? முகங்கள் பலவற்றைக் காண்கிறார். அவற்றுள் ஒன்றுதான் மாதாவின் முகம். குழந்தை யார் என்பதை அவருக்குச் சொல்ல ஒரு சொல்லும் அங்கே இல்லை. கொடுத்தவர் பெயர் இருக்கிறது. கொடுக்கப்பட்டவரின் பெயர் இல்லை. 2017 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம், உயிரோடிருப்போரின் படங்களைப் பதாகைகளில் வைக்கலாகாது என்று ஓர் ஆணை பிறப்பித்தது. அது நிலைக்கவில்லை. திருச்சபைக்கோ அவ்வாணை புதிதன்று. சீனாய் மலையிலிருந்து வந்த இரண்டாம் கற்பனையை அது வேறொரு வகையில் நினைவூட்டிற்று. சுரூபங்களைப் பற்றி அக்கற்பனையை ஓயாமல் ஓதிய நாம், உயிரோடிருப்போரின் உருவங்களைப் பற்றி அதை ஓதினோமா?

4. திருமறையில் கொடி

திருமறை கொடியை வெறுக்கவில்லை. எபிரேய மூலத்தில் கொடிக்குரிய சொற்களில் இரண்டை இங்குக் கருதுதல் தகும். ஒன்று 'தெகெல்'. பாளயத்தில் அவரவர் தத்தம் கொடியண்டையில் தங்க வேண்டும் என்னும் கட்டளையில் (எண். 2:2) வருவது இச்சொல். இது ஒரு குலத்தை மற்றொரு குலத்திலிருந்து அடையாளம் காட்டும் கொடி. மற்றொன்று 'நேஸ்'. எல்லாரும் காணும்படி உயரத்தில் நிறுத்தி மக்களை ஓரிடத்திற்கு அழைக்கும் அடையாளம் அது. மோசே பலிபீடத்திற்கு இட்ட 'யேகோவாநிசி' என்னும் பெயரில் (யாத். 17:15) இருப்பது இச்சொல்லே. வெண்கலச் சர்ப்பம் தூக்கிவைக்கப்பட்டதும் 'நேஸ்' ஒன்றின்மேல்தான் (எண். 21:8). நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முன்னதில் பெயரை அப்படியே நிறுத்தி, பின்னதில் 'கம்பம்' என்கிறது. ஏசாயா நூலில் அதே சொல்லைக் 'கொடி' என்கிறது. ஆகவே தமிழில் மட்டும் படிப்பவர்க்கு இவற்றின் உறவு புலப்படுவதில்லை. நம் மக்கள் வழக்கிலுள்ள 'கொடிக்கம்பம்' என்னும் சொல் இரண்டையும் சேர்த்துவிடுகிறது!

கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எண்ணாகமப் பகுதியில் இச்சொல்லைச் 'செமெயோன்', அதாவது 'அடையாளம்', என்று பெயர்க்கிறது. யோவான் நற்செய்தியாளர் இயேசுவின் அருஞ்செயல்களுக்கு வழங்கும் சொல் இதுவே. அச்சர்ப்பம் உயர்த்தப்பட்டதைச் சிலுவையோடு இணைப்பவரும் அவரே (யோவா. 3:14). ஆகக் கிறிஸ்தவர்க்குக் கொடி என்பது இறுதியில் ஒன்றே: உயர்த்தப்பட்டு எல்லாரையும் தம்மிடம் இழுத்துக்கொள்கிறவர் (யோவா. 12:32).

ஆயினும் அச்சர்ப்பத்தின் கதை அத்துடன் முடியவில்லை. நூற்றாண்டுகளுக்குப் பின் மக்கள் அதற்குத் தூபங்காட்டினர், எசேக்கியா அதை உடைத்து நிகுஸ்தான் என்று பெயரிட்டான் (2 இரா. 18:4). கடவுளின் கட்டளைப்படி உயர்த்தப்பட்டதே பின்னர் உடைக்கப்பட வேண்டியதாயிற்று. காரணம் என்ன? அது தன் வேளை முடிந்தும் இறக்கப்படாமல் நின்றது. கொடியிறக்கம் என்னும் வழக்கத்தில் ஆழ்ந்த இறையியல் இருக்கிறது என்று நாம் கருதுவது இதனால்தான். அடையாளம் தன் பணியை முடித்துக் கீழிறங்குகிறது, சுட்டப்பட்டவர் நிற்கிறார். கத்தோலிக்க மக்கள் எளிய முறையில் காத்துவரும் இவ்வுண்மையைச் சாலையோரத்தில் கிழிந்து தொங்கும் பிளெக்ஸ் மறுக்கிறது.

5. சீர்திருத்த மரபில் இரு குரல்கள்

உருவம் பற்றிய நம் மரபு ஒரே குரலில் பேசவில்லை. சூரிச் நகரில் 1524இல் கோயில்களிலிருந்து உருவங்கள் அகற்றப்பட்டன. 1563இல் வெளிவந்த ஐடல்பர்க் வினாவிடை, படங்கள் எளியோரின் நூல்கள் என்னும் பழைய வாதத்தை ஏற்க மறுத்தது. மகா கிரகோரியார் 600ஆம் ஆண்டளவில் மர்சேயில் நகரின் செரேனுஸ் ஆயருக்கு எழுதிய வாதம் அது. மறுபுறம், லூத்தர் 1522 மார்ச்சு மாதம் விட்டன்பர்கிற்குத் திரும்பி, உருவங்களைப் பலவந்தமாக அகற்றியதைக் கண்டித்துப் பிரசங்கித்தார். மனத்தில் உள்ள விக்கிரகம் வார்த்தையால் அகன்றாலொழியச் சுவரில் உள்ளதை உடைப்பதால் பயனில்லை என்பது அவர் கருத்தின் சாரம். அதற்கு முந்தைய ஆண்டு அவர் மரியாளின் பாட்டுக்கு விரிவுரை எழுதினார். மரியாள் தன்னைப் பற்றி எதையும் கோராமல் கடவுளின் செயலை மட்டும் போற்றுகிறாள் என்பதே அதன் மையம்.

கத்தோலிக்கத் திருச்சபையும் தன்னைத்தான் திறனாய்வு செய்துகொள்ளாமல் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963ஆம் ஆண்டு வழிபாட்டு ஆவணம் உருவங்கள் அளவோடும் உரிய ஒழுங்கோடும் அமைய வேண்டும் என்கிறது. 1974இல் ஆறாம் பவுல் திருத்தந்தை, மரியாள் பக்தி திருமறையிலும் வழிபாட்டிலும் வேரூன்றி, பிற சபையாரை மனத்திற்கொண்டு அமைய வேண்டுமென வலியுறுத்தினார். ஆகவே மாதா பதாகையை மரியாளின் பாட்டைக் கொண்டே (லூக். 1:46–55) அளப்போமாயின், அது வெளியார் திணிக்கும் அளவுகோல் ஆகாது. பெருமையுள்ளவர்களைச் சிதறடித்துத் தாழ்ந்தவர்களை உயர்த்துகிறவரைப் பாடியவள் அவள். அவளுடைய படத்தைச் சுற்றி ஊர்ப் பெரியவர்களின் படங்களை வரிசையாக அமைப்பது அவள் பாட்டை அவள் முகத்துக்கு நேரே மறுப்பதாகும்.

6. யாருடைய தெரு?

இங்கேதான் நம் வாதத்தின் கூர்முனை இருக்கிறது. 'நேஸ்' என்னும் கொடி எதற்காக ஏற்றப்படுகிறது என்பதை ஏசாயா கூறுகிறார். தள்ளுண்டவர்களையும் சிதறடிக்கப்பட்டவர்களையும் கூட்டிச் சேர்ப்பதற்காக (ஏசா. 11:12). திருவிழாக் கொடியை இவ்வளவுகோலால் அளந்தால் கேட்க வேண்டிய கேள்வி இது: பவனி எந்தத் தெரு வழியாகச் செல்கிறது? எந்தத் தெருவை விட்டு விலகுகிறது? உபய நாள்கள் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை?

இக்கேள்வி கற்பனையன்று. 2008 மார்ச்சில் விழுப்புரம் வட்டாரத்து எறையூரில், ஒரே பங்கைச் சேர்ந்த வன்னியக் கிறிஸ்தவர்க்கும் தலித் கிறிஸ்தவர்க்கும் இடையே மோதல் மூண்டது. வழிபாட்டிலும் அடக்கத்திலும் சமவுரிமை மறுக்கப்பட்டதால் தனிப் பங்கு வேண்டுமென்று தலித் மக்கள் கேட்டிருந்தனர். காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இரு தரப்பாரும் வணங்கியது ஒரே மாதாவை. ஏற்றப்பட்ட கொடி 'நேஸ்' என்று பெயர் பெற்றிருந்தும் 'தெகெல்' ஆகிவிட்டது. எல்லாரையும் அழைக்க வேண்டியது ஒரு குலத்தை அடையாளம் காட்டுவதாயிற்று. குலக்கொடிக்குத் திருமறையில் இடம் உண்டு, பாளயத்தின் ஒழுங்குக்காக. குலக்கொடியையே கடவுளின் கொடி என்று உயர்த்துவதற்கு அங்கு இடமில்லை.

இதைச் சொல்லிவிட்டு நாம் நிமிர்ந்து நிற்க இயலாது. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல், தென்னகச் சபைகளில் சாதி வேறுபாடு முற்றாக ஒழிய வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தார். அவ்வறிக்கைக்குப் பணிவதைவிடச் சபையை விட்டு விலகுவதே மேல் என்று எண்ணினோர் நம் மரபில் இருந்தனர். உருவங்களை அகற்றிய கோயில்களுக்குள் சாதி அகலவில்லை. நம்மிடம் கொடிமரம் இல்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்துச் சுவர்களும் சபைத் தேர்தல்களும் நமக்கு உண்டு.

7. நம் சபைகளுக்கு

நம் கன்வென்ஷன் கூட்டங்களின் சுவரொட்டிகளையும் அதே பயணியின் கண்ணால் பாருங்கள். மாதா இல்லை, குழந்தை இல்லை; உண்மைதான். அவ்விடத்தில் நற்செய்தியாளர் ஒருவர் ஒலிவாங்கியோடு நிற்கிறார். அவர் அருகே அவர் மனைவி. கீழே அழைப்பாளர்களின் வரிசை. மாதா திருவிழாப் பதாகையின் நடுவிலாவது குழந்தை இயேசுவின் உருவம் இருக்கிறது. நம் சுவரொட்டியின் நடுவில் இருப்பவர் யார்? உருவமற்ற வழிபாடு என்று நாம் பெருமை பாராட்டும் மரபு, சாலையோரத்தில் பிரசங்கியாரின் உருவத்தை ஆளுயரத்திற்கு நிறுத்தியிருக்கிறது. கத்தோலிக்க அண்டை வீட்டாரிடம் நாம் பேசத் தொடங்கும் இடம் இதுவாகவே இருக்க வேண்டும்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஆந்திர லூத்தரன் அருட்பணியாளரும் ஓவியருமான பு. சாலமோன் ராஜ் (1921–2019) துணியில் மெழுகுச் சாயமுறையிலும் மரச்செதுக்கு அச்சிலும் திருமறைக் காட்சிகளைப் படைத்தார். பாடுபடுகிற எளியோரின் முகங்களே அவற்றில் நிறைந்திருந்தன. இந்தியப் புராட்டஸ்டண்டு ஒருவர் துணியை நற்செய்தியின் ஊடகமாக்க முடியும் என்பதற்கு அவர் பணி சான்று.

நம் அருட்பணியாளர்க்கும் மாணவர்க்கும் சிலவற்றை முன்வைக்கிறோம். சபையின் அறிவிப்பு துணியிலோ தாளிலோ அமையட்டும். உயிரோடிருப்போர் எவர் படமும், ஆயரோ பேராயரோ ஆயினும், அதில் வேண்டாம். நன்கொடையாளர் பெயர்கள் கணக்கேட்டில் இருப்பது போதும். கிறிஸ்துவைப் பற்றி ஒரு வாக்கியமேனும், எந்தச் சமயத்தாரும் புரிந்துகொள்ளும் தமிழில், அதில் இருக்கட்டும். ஏற்றும் நாளிலேயே இறக்கும் நாளையும் குறித்து, அந்நாளில் செபத்தோடு இறக்குங்கள். பவனியோ பஜனையோ புறப்படும்பொழுது, இதுவரை செல்லாத தெருவிலிருந்து தொடங்குங்கள். இவற்றை முதலில் நம் சபையில் செய்த பிறகு, அடுத்த பங்குத்தந்தையோடு அமர்ந்து பேசுவது எளிது; அவர்க்கும் இதே துன்பம் உண்டு என்பதை அப்பொழுது அறிவோம்.

கொடியாக நிற்கும் ஈசாயின் வேரை நாடிப் புறவினத்தார் விசாரித்து வருவர் என்று ஏசாயா சொல்கிறார் (11:10). அவர்கள் வாயில் ஒரு கேள்வி எழவேண்டும். ஒகேனக்கல் சாலையில் செல்லும் பயணி நம் பதாகையைக் கண்டு உபயதாரர் யார், பேச்சாளர் யார், எத்தனை மணிக்குத் தேர் என்பதையெல்லாம் தெரிந்துகொள்கிறார். இந்தக் குழந்தை யார் என்று கேட்க அவரைத் தூண்டும் இடம் அதில் எங்கே இருக்கிறது?